ஏசியா, டிசியா? ஆசிலாஸ்கோப்பில் எதில் வைத்துப் பார்ப்பது

மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி ஆசிலாஸ்கோப். அதன் ஒவ்வொரு சேனலுக்கும் (உள்ளீட்டுக்கும்) ஏசி, டிசி என்று ஒரு தேர்வு உண்டு. பழைய சிஆர்ஓவில் (பிக்சர் டியூப் வைத்த ஆசிலாஸ்கோப்பில்) அது ஒரு சின்ன சுவிட்ச். டிஜிட்டல் கருவியில் மெனுவுக்குள் 'கப்ளிங்' என்ற பெயரில் இருக்கும். ஏசியை அளக்க ஏசி, டிசியை அளக்க டிசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மல்டிமீட்டரில் பழகிய கை அப்படித்தான் போகும். இங்கே கதை வேறு. டிசியில் வைத்தால் உள்ளே வருவது எல்லாம் அப்படியே திரைக்கு வரும். ஏசியில் வைத்தால் வழியில் ஒரு கப்பாசிட்டர் தொடராகச் சேர்ந்து, மாறாமல் நிற்கும் மின்னழுத்தத்தைத் தடுத்துவிடும்.

ஒரு 1.5 வோல்ட் செல்லை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். திரையில் ஒரு கட்டத்துக்கு 0.5 வோல்ட் என்று வைத்து, டிசியில் ப்ரோபை (அளக்கும் முனையை) செல்லில் தொடுங்கள். கோடு மூன்று கட்டம் ஏறி அங்கேயே நிற்கும். ஏசிக்கு மாற்றித் தொட்டால் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நடுவுக்கே இறங்கிவிடும். செல் நன்றாகத்தான் இருக்கிறது, திரை மட்டும் பூஜ்யம் என்கிறது.

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் இரண்டும் ஒன்றுதான். அலையின் சராசரி பூஜ்யம் என்பதால் தடுக்க ஒன்றும் இல்லை. மல்டிமீட்டர் 12 என்று சொல்லும் இடத்தில் திரையில் உச்சி 17 வோல்ட் வரை போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ப்ளக் பாயிண்டில் நேராக மட்டும் வைத்துவிடாதீர்கள். ப்ரோபின் கிரவுண்ட் கிளிப் கருவியின் எர்த்தோடு சேர்ந்தது. அது ஃபேஸில் பட்டால் ஷார்ட்தான்.

ஏசி ஏமாற்றும் இடம் பிடபிள்யூஎம், அதாவது அகலத்தை மாற்றி மாற்றி அனுப்பும் துடிப்பு. ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டிலிருந்து வரும் 5 வோல்ட் துடிப்பை ஏசியில் பாருங்கள். டியூட்டி (துடிப்பு மேலே நிற்கும் நேரத்தின் பங்கு) 10 சதவீதம் என்றால் அடிக்கோடு −0.5 வோல்ட்டில், உச்சி 4.5-இல். டியூட்டியை 90 ஆக்கினால் மொத்த அலையும் கீழே இறங்கி, −4.5 முதல் 0.5 வரை நிற்கும். ஆர்டுயினோவின் அந்தப் பின்னில் (pin) நெகட்டிவ் மின்னழுத்தம் இல்லவே இல்லை. சராசரியைக் கழித்துக் காட்டுவதால் வரும் மாயம் அது. 10 ஹெர்ட்ஸ் போன்ற மெதுவான சதுர அலை என்றால் தட்டையான தலையே சரிந்து தெரியும். அலையில் கோளாறு என்று தேடப் போய் நேரம் வீணாகும். அதனால் டிசியில் தொடங்குவதுதான் சரி என்பேன்.

அப்புறம் ஏசி எதற்கு? பெரிய டிசியின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன நடுக்கத்தைப் பார்ப்பதற்கு. அந்த வேலையில் டிசி பக்கத்தில்கூட வர முடியாது.

என்னிடம் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் விடாமல் 'உம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. அதன் பவர் சப்ளையில் மல்டிமீட்டர் 12.1 என்றது, குறை சொல்ல முடியாது. ஸ்கோப்பை டிசியில், கட்டத்துக்கு 2 வோல்ட் என்று வைத்தால் கோடு லேசாகத் தடித்துத் தெரிந்தது, அவ்வளவுதான். பெரிதாக்கலாம் என்று 100 மில்லிவோல்ட்டுக்குப் போனால் 12 வோல்ட் என்பது 120 கட்ட உயரம். பொசிஷன் திருகு எவ்வளவு இறக்கினாலும் எட்டாது. ஏசிக்கு மாற்றினேன். நான்கு கட்ட உயரத்துக்கு ரம்பப்பல் மாதிரி ரிப்பிள் (டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்), அதாவது 400 மில்லிவோல்ட். (ப்ரோபை ஒன்று மடங்கில் வைத்திருந்தேன். பத்து மடங்கில் வைத்தால் கருவிக்குப் போவது பத்தில் ஒரு பங்குதான், இதைவிட மிகச் சின்ன ரிப்பிள் என்றால் இரைச்சலில் கரைந்துவிடும்.)

கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்துப் பார்த்தபோது பற்கள் இரண்டு கட்டத்துக்கு ஒன்றாக, 10 மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு) வழியாக வந்தால் 100 ஹெர்ட்ஸ், ஆக நான்கு டயோடும் வேலை செய்கின்றன. நான்கு கட்டத்துக்கு ஒன்று என்றிருந்தால் ஒரு டயோடு திறந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். சந்தேகத்துக்கு மிச்சம் இருந்தது ரிப்பிளை அடக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர். அதை மாற்றியதும் பற்கள் அரைக் கட்டத்துக்கு அடங்கின, இரைச்சலும் நின்றது.