மோவாயில் சிலிக்கோன்: பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

உள்ளடங்கிய மோவாய்க்காகச் சென்னையில் சிலிக்கோன் இம்ப்ளான்ட் (தாடை எலும்பின் மேல் வைக்கும் செயற்கைத் துண்டு) வைத்துக்கொண்டேன். பத்து வருடம் தாண்டிவிட்டது. முகம் எனக்குப் பிடித்தபடி அமைந்தது, இன்றைக்கும் பிடிக்கிறது. முதலில் கீழுதட்டில் இருந்த மரமரப்பு சில மாதங்களில் போய்விட்டது. வீக்கமோ சீழோ வந்ததில்லை.

போன வருடம் பல்லுக்குக் கிளிப் போடலாம் என்று கும்பகோணத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தவர், "இங்க ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்றார். இம்ப்ளான்ட் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் தாடை எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. எனக்கு ஒரு வலியும் கிடையாது.

இது டாக்டர்களுக்குப் புதிதல்ல. 1969-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். மோவாய்த் தசை இம்ப்ளான்ட்டை ஓயாமல் எலும்பின் மேல் அழுத்துகிறது, அழுத்தத்தில் எலும்பு கரைகிறது. தாடையின் கீழ் விளிம்பில் எலும்பு கெட்டி, தாங்கிக்கொள்ளும். இம்ப்ளான்ட் சற்று மேலே ஏறிவிட்டால் பல் வேருக்குப் பக்கத்தில் உள்ள மெல்லிய எலும்பில் உட்காரும். என்னுடையது அப்படித்தான் ஏறியிருக்கிறது. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் கரைந்து அதோடு நின்றுவிடுமாம். அபூர்வமாக வேர் வரை போனால் முன்பல் கூசும், ஆடும்.

தஞ்சாவூரில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வேருக்கும் குழிக்கும் நடுவில் இன்னும் எலும்பு இருக்கிறது, அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அங்கே கேட்ட முதல் கேள்வி, என்ன பொருள், என்ன அளவு, ஸ்குரு போட்டதா என்பது. நல்லவேளை, அப்பா அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை நிலத்துப் பட்டா, சொசைட்டி ரசீதுகளோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருந்தார். பொருள் தெரிவது முக்கியம். சிலிக்கோனைச் சுற்றி ஓர் உறைதான் உருவாகும், எடுப்பது சுலபம். நுண்துளை உள்ள பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் என்றால் துளைக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், எடுப்பது பெரிய வேலை.

எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் மோவாய்ச் சதை தொங்க வாய்ப்புண்டு, அப்போது சொந்த எலும்பையே வெட்டி முன்னே நகர்த்தி உலோகத் தகடு வைக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை அதே எக்ஸ்ரே, நடுவில் முன்பல் கூசினால் உடனே வரவேண்டும். இம்ப்ளான்ட் வைத்தவர்கள் வலி இல்லாவிட்டாலும் ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பல் சிகிச்சைக்குப் போனால், உள்ளே இருப்பதை ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். பல்லில் வரும் கிருமி பல வருடம் கழித்தும் இம்ப்ளான்ட்டைத் தொற்றலாம்.

கிளிப் மேல்வரிசைக்கு மட்டும் போட்டாகிவிட்டது. கீழ் முன்பற்களை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.