டெனன்டோட சேர்த்து வாங்குற நியூயார்க் கோஆப் வீடு: 5க்கு 2.5

விலையை பாத்தா யாருக்கும் ஆசை வரும். குயின்ஸ்ல ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் காலியா இருக்குற ஒன் பெட்ரூம் கோஆப் என்ன விலைக்கு போகுதோ அதைவிட நல்லாவே கம்மிக்கு அதே பில்டிங்ல இன்னொண்ணு விக்கும், உள்ள ஒரு டெனன்ட் இருப்பாங்க, ப்ரோக்கர் கேட்டா "அவ்ளோதான் சார் வித்தியாசம்"ம்பாரு. அப்படி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அதனால எழுதுறேன்.

கோஆப்னா வீடு உங்க பேர்ல பதிவாகாது. பில்டிங்கை வச்சிருக்குற கார்ப்பரேஷன்ல ஷேர் வாங்குறீங்க, கூட ஒரு லீஸ் குடுப்பாங்க. பத்திரம், பட்டான்னு வளந்த நம்மாளுங்களுக்கு இதுவே வயித்தை கலக்கும். 80கள்ல நிறைய வாடகை பில்டிங்கை கோஆப்பா மாத்துனாங்க, வாங்க இஷ்டமில்லாத டெனன்டை வெளியேத்தக் கூடாதுங்குற பிளான்தான் ரொம்ப இடத்துல, அப்படி தங்குனவங்க ரென்ட் ஸ்டெபிலைஸ்டு, அதாவது சட்டப்படி கட்டுப்படுத்துன வாடகையிலயே இன்னும் இருக்காங்க. என் வீட்டுல இருக்குற அம்மாவுக்கு எண்பது தாண்டியாச்சு. தங்கமான மனுஷி, வாடகை லேட்டானதே இல்ல.

பிரச்சனை வாடகையிலதான். நீங்க நினைச்சபடி ஏத்த முடியாது, ரென்ட் கைட்லைன்ஸ் போர்டுங்குற சிட்டி அமைப்பு வருஷாவருஷம் எவ்ளோ ஏத்தலாம்னு சொல்றதுதான் கணக்கு. 2015லயும் 2016லயும் ஒரு வருஷ லீஸுக்கு 0 சதவீதம், 2024ல 2.75. கோஆப்புக்கு நீங்க மாசாமாசம் கட்டுற மெயின்டனன்ஸுக்கு அப்படி கடிவாளம் எதுவும் இல்ல, ப்ராப்பர்ட்டி டாக்ஸ், இன்சூரன்ஸ், ஹீட்டிங்னு எது ஏறினாலும் கோஆப் போர்டு ஏத்திடும், பத்தாததுக்கு ஆறு மாடிக்கு மேல உள்ள பில்டிங்னா 5 வருஷத்துக்கு ஒருதடவ வெளிச்சுவர் இன்ஸ்பெக்ஷன், ரிப்பேர் வந்தா அசெஸ்மென்ட்னு தனியா ஒரு பில். வர்ற வாடகை மெயின்டனன்ஸுக்கே பத்தல, மாசாமாசம் கைக்காசு போகுது.

அப்போ எதுக்கு வாங்குறாங்க? இப்படி மாறின கோஆப்ல அந்த டெனன்ட் போயிட்டா வீடு வாடகை கட்டுப்பாட்டுலருந்து வெளிய வந்துரும், 2019ல வந்த நியூயார்க் வாடகை சட்டம் எத்தனையோ கதவை மூடுனாலும் இதை மூடல. ஆக நீங்க காசு போடுறது இன்னொருத்தர் ஆயுசு மேல. அரை ஸ்டார் குறைச்சது அதுக்குத்தான், அந்தம்மா தீபாவளிக்கு நான் குடுத்த முறுக்கை வாங்கிக்கிட்டு ஆயிரம் வாட்டி தேங்க்ஸ் சொல்லும்போது மூஞ்சிய பாக்க முடியல.

அவங்க போனாலும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கூடவே ரெண்டு வருஷம் குடியிருந்த பிள்ளையோ பேத்தியோ இருந்தா அதே வாடகையில தொடர உரிமை இருக்கு, 62 வயசான சொந்தம்னா ஒரு வருஷமே போதும். நானே குடிவரேன்னு சொல்லி கிளப்பவும் முடியாது. காசு குடுத்து காலி பண்ண கேக்கலாம், ஆனா வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா 180 நாளைக்கு மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எடுத்தா ஹராஸ்மென்ட்.

லோன் கிடைக்குறதும் கஷ்டம், பேங்க்குக்கு இந்த மாதிரி வீடுன்னாலே அலர்ஜி, கேஷ் இருந்தா மட்டும் இறங்குங்க. ஒரே சௌகரியம், ஸ்பான்சர்கிட்ட, அதாவது பில்டிங்கை கோஆப்பா மாத்துனவர்கிட்ட, நேரா வாங்குனா பல பில்டிங்ல கோஆப் போர்டு வாங்குறவங்களை வச்சு நடத்துற இன்டர்வியூ தேவைப்படாது. விக்குறவர்கிட்ட ரென்ட் ஹிஸ்டரி, லீஸ் காப்பி, கோஆப்போட ரெண்டு மூணு வருஷ கணக்கு மூணையும் வாங்கிடுங்க, லீஸ்ல எத்தன பேர் பேரு இருக்குன்னும் வீட்டுல நிஜமா எத்தன பேர் இருக்காங்கன்னும் தனித்தனியா கேளுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்காது.