கிட்டார் கழுத்தில் கண்ணாடிப் பொட்டு: மிரர் அக்ரிலிக் ஷீட் தேறுமா?

மணிமேடைப் பக்கம் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வாங்கிய 2 மி.மீ. மிரர் அக்ரிலிக் துண்டு. முன்பக்கத்து பிலிமை உரித்தால் நம் முகம் தெரியும், திருப்பினால் சாம்பல் நிறப் பெயிண்ட். கடைப் பெயர்ப்பலகை, கல்யாண மேடை, வேன் டாஷ்போர்டு என்று நாகர்கோவிலில் எங்கு பார்த்தாலும் இருக்கிற சரக்குதான். இதை கிட்டார் ஃப்ரெட்போர்டில், அதாவது கழுத்தில் விரல் ஓடுகிற பலகையில், இன்லேயாக (குழி எடுத்துப் பதிக்கிற அலங்காரமாக) வைக்கலாமா என்றால், பொட்டாகப் பதிக்கலாம், பட்டையாக வேண்டாம் என்பேன். எதனால் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற பையன்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

எனக்குப் பிழைப்பு மரவேலை. தக்கலையில் கதவு, நிலை, அலமாரி. சாயங்காலம் ஆனால் கிட்டார் ரிப்பேர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாடகர் குழு இல்லாத கிறிஸ்தவக் கோயில் உண்டா? அதனால் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. முட்டம் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரைக் கொண்டுவந்தான். கழுத்தில் இடம் காட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பொட்டெல்லாம் மஞ்சளடித்துப் போயிருந்தது. "அண்ணே, கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு முன்னாடி வேணும். வெளிச்சம் பட்டா ஜொலிக்கணும்" என்றான். முத்துச்சிப்பி போடலாமா என்றேன். கன்னியாகுமரியில் கடை கடையாகச் சிப்பிப் பொருள் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கண்ணாடிதான் வேண்டுமாம்.

கிட்டாரில் கண்ணாடி புதுச் சங்கதி இல்லை. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் சிட் பாரெட் தன் எஸ்கொயர் கிட்டாரில் வட்டக் கண்ணாடிகளை ஒட்டி வாசித்தார். கிஸ் குழுவின் பால் ஸ்டான்லி உடைந்த கண்ணாடித் துண்டுகள் பதித்த கிட்டாரோடு மேடையேறினார். ஆனால் அதெல்லாம் கிட்டாரின் உடம்பில். அங்கே விரல் உரசாது, ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கீற்று) கிடையாது, வளைவுக்குத் தக்கபடி தேய்க்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. கழுத்தில் இது அத்தனையும் உண்டு.

நிஜக் கண்ணாடியை முதலில் கழித்துவிட்டேன். சின்ன வட்டமாக வெட்டினால் விளிம்பு பல் பல்லாகப் பொரிந்துவிடும். மர மட்டத்துக்குத் தேய்க்கவும் முடியாது, உப்புத்தாள் கண்ணாடியைக் கொஞ்சம் தேய்ப்பதற்குள் சுற்றியிருக்கிற ஈட்டி மரம் பள்ளமாகிவிடும். விரல் ஓடுகிற இடத்தில் கண்ணாடிச் சில்லு இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு ஆகாது. கண்ணாடி மாதிரி மின்னும் ஸ்டிக்கரும் இருக்கிறது. ஒட்டிய அன்றைக்குப் பார்க்கக் கொள்ளாம், வேர்வை பட்டுப்பட்டு ஓரம் கிளம்பிவிடும். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியில் இன்லே செய்யலாமே என்று ஒரு நண்பர் கிளப்பிவிட்டார். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தையே மெருகேற்றி முகம் தெரிய வைக்கிறார்கள், பின்பூச்சே கிடையாது. அதனால் தேய்த்தாலும் மறுபடி மெருகேற்றிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். யோசனை நல்லதுதான். ஆனால் அது தட்டினால் உடைகிற உலோகம், விலையோ நகை விலை, மேல்முகத்தில் விரல் படவும் கூடாது. பூஜை அறையில் இருக்கட்டும்.

அக்ரிலிக்கின் பெரிய பலம் அதன் மின்னும் பூச்சு பின்னால் இருப்பது. மெல்லிய அலுமினியப் படலம், அதைக் காக்க மேலே அந்தச் சாம்பல் பெயிண்ட். நாம் தேய்ப்பதும் கீறுவதும் எல்லாம் முன்பக்கத்துப் பிளாஸ்டிக்கைத்தான். ஒரு கழிவுத் துண்டை எடுத்து 400 உப்புத்தாளால் வேண்டுமென்றே உரசினேன், பால்போல வெளுத்துவிட்டது. பிறகு 800, 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு ஏறி, கடைசியில் கார் பெயிண்டுக்குப் போடுகிற ரப்பிங் காம்பவுண்டால் துடைத்தேன். மறுபடி முகம் தெரிந்தது, புருவத்து முடி வரைக்கும். இந்த இடத்தில்தான் எனக்கு இந்த ஷீட்டின்மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்தது வளைவு. ஃப்ரெட்போர்டு தட்டையாகத் தெரிந்தாலும் தட்டை இல்லை. இந்தக் கிட்டாரில் வளைவின் ஆரம் 12 அங்குலம், ஏறக்குறைய 305 மி.மீ. நடுவில் உட்காரும் 6 மி.மீ. பொட்டுக்கு இந்த வளைவு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூட வராது. அதாவது ஆழத்தை மட்டும் சரியாகத் துளைத்தால் கண்ணாடிப் பொட்டைத் தேய்க்காமலே மரத்தோடு மட்டமாக உட்கார வைக்கலாம். ஃப்ரெட்டைக் கழற்றாமல் வேலை பார்க்கிறவனுக்கு இது பெரிய வரம். ஆனால் 12-ஆம் ஃப்ரெட்டில் இரட்டைப் பொட்டு நடுவை விட்டு விலகி நிற்கிறது. ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருந்தால், அங்கே மரம் சரிவதால் பொட்டின் ஒரு ஓரம் கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். விரலுக்கு அது உடனே தெரியும். அதனால் அந்த இரண்டை மட்டும் சுற்றிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, ரப்பர் அழிப்பானில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து மெருகேற்றினேன். மற்ற பொட்டெல்லாம் சேர்ந்து எடுத்த நேரத்தை இந்த இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டன.

பட்டை இன்லே வேண்டாம் என்றதும் இதே கணக்கால்தான். 40 மி.மீ. அகலப் பட்டையில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் 0.65 மி.மீ. 2 மி.மீ. ஷீட் அதைத் தாங்கும், ஆனால் முழுப் பரப்பையும் வளைவாகத் தேய்த்து மெருகேற்றியாக வேண்டும். அதில் ஒரு சின்ன கீறல் மிஞ்சினாலும் கண்ணாடி அதை இரண்டாகக் காட்டும், நிஜக் கீறல் ஒன்று, பிம்பம் ஒன்று. 1 மி.மீ. ஷீட்டில் பட்டை போட நினைக்கிறவர்கள் நினைப்போடு நிறுத்திக்கொள்ளலாம், ஓரத்தில் 0.35 மி.மீ.தான் மிஞ்சும்.

வட்டம் வெட்டுவது சுலபம், பெயர்ப்பலகைக் கடை லேசரிலேயே வெட்டித் தருவார்கள். லேசர் கொஞ்சம் பொருளைத் தின்றுவிடும் என்பதால் 6 மி.மீ. குழிக்கு 6.1 கேளுங்கள். விளிம்பில் பின்பக்கப் பெயிண்ட் நூல் அளவு கருகியிருந்தது, பதித்த பிறகு அது தெரியவில்லை. இன்னொரு கடையில் கிடைத்த துண்டில் பிலிமுக்கு அடியிலேயே கீறல் இருந்தது. வாங்கும்போது ஒரு மூலையை உரித்துப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி அக்ரிலிக்கின்மேல் வெள்ளையாகப் படியும், பின்பூச்சுக்கும் நல்லதில்லை. இரண்டு டியூப் கலக்குகிற அரால்டைட் போதும். குழியின் அடியில் மட்டும் வைக்காமல் விளிம்பைச் சுற்றியும் பசை ஏற வேண்டும், நம் ஊருக்கு இது முக்கியம். இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம், போதாததற்குக் கடல் காற்று. அலுமினியப் படலத்தின் ஓரம் திறந்து கிடந்தால் ஈரமும் உப்பும் அங்கிருந்துதான் உள்ளே போகும், பழைய பீரோக் கண்ணாடி ஓரம் கருப்பதுபோல இதுவும் கருக்கும். பசை காய்ந்த பிறகு வழிந்ததைப் பிளேடால் சுரண்டலாம், தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. ஸ்பிரிட்டும் கூடாது, லேசரில் வெட்டிய அக்ரிலிக்கில் அது பட்டால் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும். சானிடைசர் தேய்த்த ஈரக் கையோடு வாசிக்கிறவர்களும் கவனிக்க வேண்டும்.

சரி, பார்வைக்கு எப்படி? கேரல் ரவுண்ட்ஸில் தம்பி கேட்டதே நடந்தது. வீட்டு வாசல் டியூப் லைட், எதிரே வருகிற வண்டி வெளிச்சம், நட்சத்திரத்து பல்பு என்று எது பட்டாலும் பொட்டு அதை அப்படியே வாங்கிப் போட்டது. கருத்த மரத்துக்குள் பொட்டு கொஞ்சம் ஆழத்தில் கிடப்பது மாதிரித் தெரிகிறது, பூச்சு பின்னால் இருப்பதால் வருகிற அழகு இது. "கொள்ளாம்ணே" என்றான். இந்த ஊரில் அதற்கு மேலே ஒரு சான்றிதழ் கிடையாது.

கோயிலுக்குள் கதை வேறு. கண்ணாடிக்குச் சொந்த நிறம் இல்லை, எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். பாடகர் குழு நிற்கிற மங்கிய மூலையில் எதிரே இருப்பது இருட்டுதான், பொட்டும் கருப்பாகிவிடுகிறது. ஈட்டி மரத்தில் கருப்புப் பொட்டு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பிளாஸ்டிக்கோ சிப்பியோ மங்கலிலும் வெளுப்பாய்த் தெரியும். வாசிக்கிறவன் குனிந்து பார்க்கும்போது கம்பியும் கம்பியின் பிம்பமுமாக இரட்டையாகத் தெரிவது தனித் தொல்லை. காலைப் பூசையில் ஜன்னல் வழியே வெயில் விழுந்தபோது வேறொன்று நடந்தது. பொட்டுகளிலிருந்து ஒளிப்புள்ளிகள் சுவரில் ஏறி, அவன் கிட்டார் கழுத்தை அசைக்க அசைக்க ஓடியிருக்கின்றன. முன்வரிசைப் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு அதைப் பார்த்திருக்கிறார்கள். குழுவை நடத்துகிற சிஸ்டர் அவனை ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டார்.

ஆகையால் கிட்டார் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கிற சின்னப் பொட்டுகளில் நான் கை வைப்பதில்லை. வாசிக்கிறவன் கண் போவது அங்கேதான், அது வெள்ளையாகவே இருக்கட்டும். முகப்பில் இருக்கிற பொட்டு எதிரே நிற்கிறவர்களுக்காக, அதில் கண்ணாடி விளையாடட்டும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகளின் கிட்டாருக்கு, முகப்புப் பொட்டையும் பார்த்துத்தான் வாசிப்பார்கள் என்பதால், இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நகக்கீறல் விழத்தான் செய்யும், முக்கியமாக முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள். கம்பி மாற்றும்போது பிராசோ என்கிற உலோக பாலிஷைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடுகிறது, மரத்தில் படாமல் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஷீட்டும் லேசர் வெட்டும் சேர்த்து எனக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது, அந்தத் துண்டில் இன்னும் பல கிட்டாருக்குப் பொட்டு எடுக்கலாம். கூலிதான் கூடுதல், அதிலும் பாதி அந்த 12-ஆம் ஃப்ரெட்டுக்கு. இப்போது கருங்கலிலிருந்து ஒருவர் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பட்டையாகவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஃப்ரெட்டை எல்லாம் கழற்றிப் புதிதாகப் போடுகிற கூலியைச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.