வளைவுக்கு முன் கியர் குறைப்பது: ஒகேனக்கல் இறக்கத்தில் நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் சாலையில் 150, 200 சிசி பைக்குகளைத் தொடர்ந்து ஓட்டினால் ஒன்று புரியும். வளைவில் பின்பக்கம் ஆட்டம் காட்டினால் டயரைக் குறை சொல்வதற்கு முன் கியர் குறைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்குத் தட்டி கிளட்ச்சைப் படக்கென்று விட்டால், இன்ஜினின் சுற்றை ஏற்றும் வேலை பின்சக்கரத்தின் தலையில் விழுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போய்விடுவதால் பின்சக்கரத்தில் பிடிமானமும் குறைவு. டயர் கீச்சிட்டுத் துள்ளும். வண்டி சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் இழுக்கும். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், பிரேக் அழுத்தத்தைத்தான் தளர்த்தும், இன்ஜினின் பிடியைத் தளர்த்தாது.

மூன்றாம் கியரில் 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) என்றால், அதே வேகத்துக்கு இரண்டாம் கியரில் ஏறக்குறைய 5500 வேண்டும். இடைப்பட்ட 1500ஐ ஆக்சிலரேட்டரில்தான் கொடுக்க வேண்டும்.

வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முன் பிரேக்கை இரண்டு விரலால் பிடியுங்கள். வேகம் இறங்கியதும் கிளட்ச்சை இழுத்து, ஆக்சிலரேட்டரைச் சின்னதாக ஒரு முறுக்கு, கூடவே கியரை ஒன்று கீழே, உடனே கிளட்ச்சை விடுவது. எல்லாம் ஒரு நொடிக்குள். பலரும் தவறுவது கடைசிப் படியில்தான்: நன்றாக முறுக்கிவிட்டு கிளட்ச்சை நிதானமாக விடுவார்கள். அதற்குள் ஏற்றிய ஆர்பிஎம் இறங்கிவிடும், உதறல் அப்படியே இருக்கும். இரண்டு கியர் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனி முறுக்கு.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் கவனியுங்கள். முறுக்கும் நேரத்தில் அது மேலே எழும்பினால் பிரேக் விரல் தளர்கிறது என்று பொருள். அழுந்தினால் விரல் கூடுதலாக இழுக்கிறது. அதனால் முதலில் சமதளத்தில், ஆளில்லாத நேர்சாலையில், பிரேக்கே தொடாமல் பழகுங்கள். உதறல் நின்ற பிறகு பிரேக்கைச் சேர்க்கலாம். கை பழகாமல் மலைப்பாதையில் முயல வேண்டாம்.

வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கு ஆசைப்படாதீர்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. நடை வேகத்துக்கு இறங்கினால் மட்டும் போடலாம். மற்றபடி இரண்டாம் கியரே போதும். ஈரமோ மணலோ இருந்தால் முறுக்கிய பிறகும் கிளட்ச்சைக் கொஞ்சம் மெதுவாக விடுங்கள்.

தொப்பூர் கணவாய் வேறு ரகம். நீண்ட இறக்கம், முன்னும் பின்னும் லாரிகள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து இன்ஜின் பிடியிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினால் முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்து, சூடேறி, பிடி குறையும்.

ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் குறைக்கும்போது தானே சற்று வழுக்கி உதறலைக் குறைக்கும் கிளட்ச்) உள்ள வண்டிகள் அவசரத்தில் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனாலும் முறுக்கிக் குறைத்தால் அவற்றிலும் வண்டி அமைதியாக வளைவுக்குள் போகிறது. அந்த வசதிக்காக மட்டும் பைக் மாற்றத் தேவையில்லை.

இத்தனையும் கேபிளும் செயினும் சரியாக இருந்தால்தான். கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ., செயினில் 20 முதல் 30 மி.மீ. தொய்வு பல வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. செயின் தொங்கினால் எவ்வளவு சரியாக முறுக்கினாலும் ‘டக்’ என்று ஓர் அடி விழும். அதைக் கைத்தவறு என்று நினைத்துப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். முதலில் செயினை இறுக்குங்கள்.