சின்ன பேட்டரி செத்தால்: கேபிளா, ஜம்ப் ஸ்டார்ட்டரா, சார்ஜரா?

மொரீஷியஸில் மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். குரேபீப்பிலிருந்து போர்ட் லூயிசுக்குப் போய்த் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டர்கூட ஆகாத தீவில் அது அவ்வளவு பெரிய கவலை அல்ல. கேட்க வேண்டியது இன்னொன்று: அந்தக் காரின் 12 வோல்ட் பேட்டரிக்கு வயது என்ன? ஜப்பானிலிருந்து பழைய காராக வந்திறங்கும் நிசான் லீஃபுக்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தும்.

கதவுப் பூட்டு, திரை, கணினிகள் எல்லாம் இயங்குவது இந்தச் சின்ன பேட்டரியில்தான். தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கனமான ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மூடுவதற்கும் இதே 12 வோல்ட் வேண்டும். ஆகவே சின்னது செத்தால், பெரிய பேட்டரியில் தொண்ணூறு சதவீதம் சார்ஜ் இருந்தும் கார் அசையாது. சுவரில் செருகினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான கார்களில் அதுவும் நடக்காது. சார்ஜ் செய்யும் கருவியை எழுப்பவும் 12 வோல்ட் தேவை. பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட்டர் முனகிக் காட்டிக்கொடுக்கும். மின்சாரக் காரில் முனகுவதற்கு ஸ்டார்ட்டரே இல்லை. நேற்று மாலை ஒழுங்காக ஓடியது, இன்று கதவே திறக்கவில்லை என்பார்கள்.

நம் ஊரில் இது வருவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். ஈய அமில பேட்டரிக்கு வெப்பம்தான் முதல் எதிரி. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் சொல்லப்படும் பொதுக் கணக்கு. போர்ட் லூயிசின் வெயிலில் நிற்கும் கார் குரேபீப் குளிரில் நிற்கும் காரைவிட முன்னதாகவே பேட்டரி கேட்கும். போதாக்குறைக்கு இது சூறாவளிக் காலம். 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி வந்தபோது தலைநகரின் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றதைப் பார்த்தவர்களுக்கு, எச்சரிக்கை என்றதும் காரை மேட்டில் நிறுத்திவிட்டு நாள்கணக்கில் தொடாமல் இருக்கத்தான் தோன்றும். டேஷ்கேம் மட்டும் விடாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். காவடி நாளும் இதே பருவத்தில் வருகிறது. அன்று பொது விடுமுறை, பேட்டரிக் கடைக்கும் விடுமுறை.

எழுப்பும் வழிகளில் எல்லாருக்கும் தெரிந்தது பக்கத்து வீட்டுக் காரும் ஒரு ஜோடி கேபிளும். செலவு குறைவு, ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக் கார் எது என்பது முக்கியம். சாதாரண பெட்ரோல் கார் என்றால் நல்லது. இன்னொரு மின்சாரக் காரிடமோ ஹைபிரிட்டிடமோ கடன் கேட்பது சரியல்ல. அவற்றிலும் இருப்பது இதே போன்ற சின்ன பேட்டரிதான். தன்னிடமிருந்து மற்ற காருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்று பல கார்களின் கைப்புத்தகமே சொல்கிறது. நம் தெருக்களில் ஹைபிரிட் பெருகப் பெருக இந்த வழி சுருங்கிக்கொண்டே போகிறது. நம் மின்சாரக் காரை வைத்து அவர்களுடைய பெட்ரோல் எஞ்சினை எழுப்பிக் கொடுப்பதும் கூடாது. வெறுங்கையோடு அனுப்புகிறோமே என்று முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இன்னோர் ஆபத்து, சிவப்பும் கறுப்பும் மாறிப்போவது. இரு காரின் நேர்முனைகளைச் சிவப்பால் இணைத்த பிறகு, கறுப்பை முதலில் நல்ல பேட்டரியிலும், கடைசியாகச் செத்த காரின் உடலில் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். மின்னணுப் பகுதிகள் போனால் அந்தப் பணத்தில் பல பேட்டரி வாங்கலாம்.

என் ஓட்டு கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டருக்கு, அதாவது உள்ளே லித்தியம் பேட்டரி வைத்த சிறு பெட்டிக்கு. இதைக் கடையில் வாங்கும்போது 1000 ஆம்பியர், 2000 ஆம்பியர் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண்கள் கனமான டீசல் எஞ்சினைச் சுழற்றுவதற்காக. மின்சாரக் காரில் சுழற்ற எதுவும் இல்லை. கணினிகள் விழித்து ரிலேக்கள் மூடும்வரை தாங்கினால் போதும்; அதன் பிறகு பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிசி-டிசி மாற்றி 13, 14 வோல்ட் அளவில் சின்னதுக்கு ஊட்டத் தொடங்கிவிடும். ஆகவே வரிசையில் இருப்பதிலேயே சிறியது போதும். பார்க்க வேண்டியது வேறு: பேட்டரி அடியோடு வடிந்திருந்தால் சில ஜம்ப் ஸ்டார்ட்டர்கள் அதை அடையாளம் காணாமல் மின்சாரம் தர மறுக்கும். அதைத் தாண்டிச் செலுத்த ஒரு தனிப் பொத்தான் இருக்கும் மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பெட்டியைப் பின் டிக்கியில் வைப்பவர்கள்தான் அதிகம். டிக்கியின் பூட்டு மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி செத்த அன்று மருந்து பூட்டிய அறைக்குள் இருக்கும். முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் ஓட்டுநர் கதவைத் திறக்கும் வழியை ஒரு முறையாவது பழகிப் பாருங்கள். பகல் முழுக்க வெயிலில் நிற்கும் காரென்றால் பெட்டியை வீட்டில் வைப்பதே மேல், லித்தியத்துக்கும் சூடு ஆகாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

வீட்டுச் சுவரிலிருந்து 12 வோல்ட் ஏற்றும் சார்ஜர், பேட்டரிக்கு இந்த மூன்றில் மிக நல்லது, அவசரக்காரருக்கு மிக மோசமானது. 45 ஆம்பியர் மணி பேட்டரி காலியாக இருந்தால் 5 ஆம்பியர் சார்ஜருக்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். அடுக்குமாடியில், கார் நிற்கும் இடத்தில் பிளக் இல்லாதவர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய். ஆனால் நோயைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான வழி இல்லை. முழுதாக ஏற்றி, பேட்டரியைக் காரிலிருந்து பிரித்து, மறுநாள் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நலம், குடித்தது டேஷ்கேம் போன்ற வேறு ஏதோ ஒன்று. 12.2க்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

காப்பீட்டு நிறுவனத்தின் சாலை உதவியை அழைக்கலாம். வருபவரிடமும் இருக்கப்போவது ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர்தான்.

மாற்றுவதில் ஆசை காட்டுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். எடை குறைவு, ஆயுள் அதிகம். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்ற அதன் குறையும் நம் தீவில் செல்லாது. சீன நிறுவனமான பிவைடி சில கார்களில் தொழிற்சாலையிலேயே இதை வைக்கிறது, அங்கே கேள்வியே இல்லை. ஈய அமிலத்துக்காக வடிவமைத்த பழைய காரில் கொண்டுபோய் மாட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. சார்ஜ் மிகவும் குறைந்தால் அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும். சாதாரண சார்ஜரால் அதை எழுப்ப முடியாமலும் போகும். ஏஜிஎம் வகையை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த, சிந்தாத ஈய அமில பேட்டரி) பொறுத்தவரை, காரோடு வந்தது அதுவே என்றால் அதையே போடுங்கள், பேட்டரி பயணிகள் பகுதிக்குள் இருக்கும் கார்களில் கண்டிப்பாக. லீஃப் போல முன் மூடிக்கு அடியில் இருந்தால் நல்ல சாதாரண ஈய அமிலம் வாங்கி, மூன்று ஆண்டு கடந்ததும் சாகும்வரை காத்திராமல் மாற்றிவிடுவது மலிவு. 46பி24எல் போன்ற ஜப்பானிய எண்ணில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். எல் இருக்க வேண்டிய இடத்தில் ஆர் வாங்கினால் முனைகள் இடம் மாறியிருக்கும், கேபிள் எட்டாது. முனையின் தடிமனும் இரண்டு வகை.

பழனிக்கோ பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டுக்கோ ஒரு மாதம் போகிறீர்கள் என்றால், கராஜில் பிளக் உள்ளவர்கள் பராமரிப்புச் சார்ஜரை மாட்டிவிட்டுப் போகலாம். இல்லாதவர்கள் எதிர்முனைக் கேபிளைக் கழற்றிவிடலாம். ஆனால் முன் மூடி உள்ளிருக்கும் நெம்புகோலால் திறப்பதா மின்சாரத்தால் திறப்பதா என்று முதலில் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மறுபடி இணைக்கும்போது சில கார்களில் அலாரம் அலறும். விமானம் இறங்குவது நள்ளிரவு என்றால் அந்த வேலையைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.