பசால்ட், ரயோலைட்: எரிமலைப் பாறைகள் இரண்டின் ஒப்பீடு

எரிமலைக் குழம்பு தரைக்கு மேலே வந்து விரைவில் இறுகுவதால், இவ்விரு பாறைகளிலும் பெரும்பாலான படிகங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணியவை. இவற்றைப் பிரிப்பது, மணலின் முக்கியக் கூறான சிலிக்காவின் அளவே. பசால்ட்டில் அது ஏறத்தாழ 45 முதல் 52 சதவீதம். ரயோலைட்டில் 70 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்.

சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு சுமார் 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுந்தொலைவு ஓடக்கூடியது என்பதால்தான், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் படிந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்குப் படிக்கட்டு போன்ற சரிவுகளைத் தந்தது. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் குடையப்பட்டதும் அந்தப் பாறையில்தான்.

ரயோலைட் குழம்போ பிசுபிசுப்பானது. வாயுக்களை எளிதில் வெளியேற விடாததால் அழுத்தம் மிகுந்து, பெரும்பாலும் சாம்பலாக வெடித்துச் சிதறும். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் ரயோலைட் குன்று, சுமார் 75 கோடி ஆண்டுப் பழமையுள்ள மலானி எரிமலைத் தொகுதியைச் சேர்ந்தது.

பசால்ட் கருமையும் கனமும் உடையது; ரயோலைட் பெரும்பாலும் இளஞ்சிவப்பு அல்லது வெளிர்சாம்பல் நிறத்தில், குவார்ட்ஸ் மணிகள் தெறித்தாற்போல் காணப்படும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்புவது சரியன்று: அப்சிடியன் என்னும் கன்னங்கரிய எரிமலைக் கண்ணாடி, வேதியியல்படி பெரும்பாலும் ரயோலைட்டின் இனமே.