பழைய பிக்கப்பைப் புதுப்பிக்க 'பேக்கேஜ்' ரேட்டுக்கு விட்டேன்: நெல்லைப் பக்கத்து ஆட்கள் கவனத்துக்கு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேசிய தொகை 1,75,000. கொடுத்து முடித்தது 2,62,000. இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்ன வண்டி ஏழரை மாதம் கழித்து வந்தது. இப்போது களக்காட்டில் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் நிற்கிறது, ரோட்டில் இறக்க வழியில்லை. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதையும் இப்போதே சொல்லிவிட்டால் கீழே படிக்கும்போது சிரிக்க வசதியாக இருக்கும்.

வண்டி 1993 மாடல், ஜீப் மூஞ்சி வைத்த மகேந்திரா பிக்கப். உள்ளே பெஜோ டீசல் எஞ்சின், எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், 90 மி.மீ. போர் என்பதுதான் அந்த 4.90, மொத்தம் 2112 சி.சி. அப்பா அதில் ஏத்தன் வாழைத்தாரும் ரசகதலித் தாருமாக ஏற்றி நாகர்கோவிலுக்கும் அதைத் தாண்டி கேரளாவுக்கும் இருபது வருஷம் ஓட்டினார். 2013இல் கால் முட்டு தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் தொழுவத்தில் விட்டதுதான். 2023 டிசம்பர் 17, 18 மழையில் பச்சையாற்றுப் பக்கத்திலிருந்து வந்த தண்ணீர் அச்சு வரைக்கும் நின்று வடிந்தது. அதைப் பார்த்த பிறகுதான், இனியும் விட்டால் இரும்புக் கடைக்குத்தான் போகும் என்று சீட்டு எடுத்த பணத்தை வைத்துக்கொண்டு கிளம்பினேன். கையில் இரண்டு லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தேன்.

இரண்டு இடத்தில் விசாரித்தேன். மேலப்பாளையத்தில் வயசான டிங்கர் ஒருவர், ஊரே 'பாய்' என்றுதான் கூப்பிடும். வண்டியைச் சுற்றி வந்தார், டிரைவர் கால் வைக்கும் தரையை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்தினார், அது உள்ளே போய்விட்டது. ரேட் கேட்டேன். "பிரிச்சுப் பாக்காம ரேட்டு சொன்னா ஒண்ணு நான் ஏமாறணும், இல்ல நீங்க ஏமாறணும் தம்பி. முதல்ல பிரிக்கேன், அதுக்கு எட்டாயிரம் தாங்க. பொறவு பேசுவோம்" என்றார். எவ்வளவு நாள் என்றதற்கு, "தீவாளிக்கு முன்னால முடிஞ்சா பாக்கியம்." இது மாசி மாதம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. மொத்தம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாதவரிடம் எப்படி விடுவது?

அடுத்த இடம் ஊருக்கு வெளியே நாலுவழிச் சாலைப் பக்கம், புதுப் போர்டு, புதுக் கம்ப்ரசர். பேர் போட மாட்டேன், காரணம் கடைசியில் வரும். ஆள் முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். பானெட்டைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. போனில் பளபளவென்று பத்து ஜீப் படம் காட்டினார். "எஞ்சின், டிங்கரிங், பெயிண்டு, வயரிங், பிரேக்கு எல்லாம் சேத்து ஒன்னே முக்கால். அறுவது நாள். நீங்க சாவிய குடுத்துட்டு நிம்மதியா இருங்க சார்." விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 1,75,000 என்று எழுதிக் கையில் தந்தார். எனக்குக் கிடைத்த எழுத்துப்பூர்வமான எஸ்டிமேட் அதுதான். 75,000 முன்பணம் கொடுத்தேன்.

அதன்பிறகு வாட்ஸ்அப்பில் படம் வரும். வண்டியின் முன்பக்கம் மட்டும் வரும். ஒரு தடவை கழற்றிய எஞ்சின் படம் வந்தது. அதன் பின்னால் தரையில் கிடந்த சீட் எங்கள் சீட் இல்லை என்பதை ஒரு வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். நேரில் போனால் "பெயிண்டு பூத்துல இருக்கு, தூசி விழுந்துரும்" என்பார்கள், டீ வரும், திரும்பி வருவேன். இடையில் எக்ஸ்ட்ரா வந்துகொண்டே இருந்தது. 18 கேஜ் தகடு ஐந்து, 17,500. டில்லி மாயாபுரியிலிருந்து வரவழைத்த பிரேக் சாமான், 14,500. எஞ்சினில் எதிர்பாராத வேலை, 38,000. நல்ல பெயிண்டாக அடிக்க, 17,000. பேக்கேஜ் என்றீர்களே என்றால், "அது போன வருச இரும்பு ரேட்டுல சொன்னது சார்." பாதி வேலையில் வண்டி அவர் கையில் கிடக்கும்போது என்ன பேச முடியும்? கொடுத்தேன்.

புரட்டாசியில் வண்டி வந்தது. மயில் கழுத்து நீலம், வெள்ளை கிரில். தெருவே வெளியே வந்து நின்றது. அப்பா ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஏல, இது நம்ம வண்டி சத்தம் இல்லலே" என்றார். புதுசா வேலை பார்த்த எஞ்சின், அப்படித்தான் இருக்கும் என்றேன். எழுபத்தாறு வயசுக் காது என்றும் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழை நாலு நாள் பெய்தது. ஐந்தாம் நாள் கதவின் அடியில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். ஒன்றை நகத்தால் குத்தினேன், உள்ளே இருந்து சிவப்புத் தண்ணீர் வந்தது. மகள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து வண்டி முழுக்க வைத்துப் பார்த்தேன். கதவின் மேல்பாதியில் ஒட்டியது. கீழ்பாதியில், சரக்கு ஏற்றும் டப்பாவின் நாலு மூலையில், மட்கார்டு வளைவில் எல்லாம் வழுக்கி விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் பட்டி. பட்டி என்பது தகட்டின் சின்ன மேடு பள்ளத்தைச் சமன் செய்யப் பூசுவது, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சும். பின்னால் துருவை அப்படியே விட்டுவிட்டு முன்னால் பூசினால் முதல் மழைக்கே பெயிண்டைத் தூக்கிவிடும்.

வெட்கத்தை விட்டு மேலப்பாளையம் பாயிடமே போனேன். அவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. தரை விரிப்பைத் தூக்கினார், பிரித்தார். டிரைவர் காலடியில் இருந்த ஓட்டைகளுக்கு மேல் ஃபைபர் துணி, அதற்கு அடியில் நாளிதழ். செய்தித்தாளைத் திணித்து ரெசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். தேதிகூடத் தெரிந்தது, ஜூலை 2024.

இங்கேதான் கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். எட்டுக்கு நாலடித் தகடு கிட்டத்தட்ட 2.97 சதுர மீட்டர். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. கனம். ஒரு சதுர மீட்டர் இரும்பு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. ஆக ஒரு தகடு 28 கிலோ, ஐந்து தகடு 140 கிலோ. வண்டியில் புதுசாக வைத்த துண்டுகள் மொத்தத்தையும் பிரித்து இரும்புக் கடைத் தராசில் போட்டோம்: 31 கிலோ. வெர்னியர் வைத்தால் கனம் 0.7 மி.மீ., அதாவது 22 கேஜ். அந்தத் தகட்டில் முழுசாக இரண்டுகூடத் தேறாது, வெட்டிக் கழித்தது போக என்று தாராளமாக வைத்தாலும் ஐந்துக்குக் கிட்டவே வராது. உரித்த பட்டியும் ஃபைபரும் மட்டும் 19 கிலோ. இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பையன் போடுவான். பில் வந்த அன்றைக்கே நான் போட்டிருக்கலாம்.

பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் படுக்கச் சொன்னார். பின்பட்டையின் (பின் ஸ்பிரிங்கின்) ஹேங்கர் சேசிஸில் பிடிக்கும் இடம். மேலே கெட்டியாகக் கறுப்புக் கோட்டிங், பார்க்கப் புதுசு. சுத்தியலால் லேசாகத் தட்டினார். மற்ற இடத்தில் 'டங்' என்றது அங்கே 'தொப்' என்றது. சுரண்டினால் உள்ளங்கை அகலத்துக்குத் துருத் துவாரம், அதையும் ஃபைபர் வைத்து மூடிக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். கதவில் பட்டி வைத்து ஏமாற்றினால் பணம்தான் போகும். ஒரு டன் வாழைத்தார் ஏற்றி நாங்குநேரி தாண்டிப் போகும்போது ஹேங்கர் பிய்த்துக்கொண்டு பட்டை கழன்றால் எதிரில் வருகிறவன் குடும்பமும் சேர்ந்து போகும். பிரேக்கும் அந்த லட்சணம்தான்: மாயாபுரி வீல் சிலிண்டர் என்று 14,500 வாங்கினார்களே, நாலும் எங்கள் பழைய சிலிண்டர், மேலே சில்வர் அடித்தது. ஒன்றில் ஏற்கெனவே கசிவு. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான், பணத்துக்கு இல்லை.

இதையெல்லாம் பாயே சரி செய்வதாகச் சொன்னார். தகடு 16 கேஜ் வைத்து சேசிஸை முதலில் பார்த்துவிட்டு, கதவு அப்புறம். அதற்குள் எஃப்.சி.க்கு (வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்று) என்ன பண்ண வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாமே என்று கார்த்திகையில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு டோ பண்ணிக்கொண்டு போனேன். மஞ்சள் போர்டு வண்டி, எஃப்.சி. இல்லாமல் ஓட்ட முடியாது. (பழைய வரி பாக்கி தனிக் கதை. அது எங்கள் தப்பு, யார் தலையிலும் போட மாட்டேன்.) இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார், ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போனது. எஞ்சின் நம்பர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தார். மறுபடி துடைத்தார். என்னைக் கூப்பிட்டு விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். நம்பர் இல்லை. கிரைண்டர் ஓடின தடம், அதன் மேல் புதுப் பெயிண்ட்.

"இது உங்க எஞ்சின் இல்ல சார். யாரோடதுன்னும் தெரியாது. முதல்ல போலீஸ்ல ஒரு மனு குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, நாளைக்கு இது திருட்டு எஞ்சின்னு தெரிஞ்சா வச்சிருக்கது நீங்கதான்" என்றார். அந்த மனுஷன் சொன்னது பெரிய உதவி. அப்பா சொன்ன சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

கடைக்காரரிடம் போனேன். கொஞ்சமும் அசரவில்லை. "உங்க எஞ்சின் வெள்ளத்துல பிளாக்கு வெடிச்சுப் போச்சு சார். நல்ல எஞ்சினாப் பாத்து மாத்தி வச்சுத் தந்திருக்கேன், நீங்க எனக்குல்லா நன்றி சொல்லணும்" என்றார். ஓடுகிற எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் கனெக்டிங் ராடு வளையும், பிளாக் உடையவும் செய்யும். பத்து வருஷமாக ஓடாமல் நின்ற எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் துரு பிடிக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டும், அவ்வளவுதான். அதுவும் எங்கள் வண்டியில் தண்ணீர் நின்றது அச்சு வரைக்கும். வெடித்த பிளாக்கைக் காட்டுங்கள் என்றேன். எடைக்குப் போட்டாச்சு என்றார். மாற்றி வைத்த எஞ்சினுக்கு பில்? இல்லை. எந்த வண்டியிலிருந்து எடுத்தது? தெரியாது. எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதற்கு எஞ்சின் வந்த வழிக்குக் காகிதம் வேண்டும். காகிதமே இல்லாத எஞ்சினை எதில் ஏற்றுவது? ஓடுகிற பெஜோ எஞ்சினுக்கு ஜீப் வைத்திருப்பவர்களிடம் நல்ல கிராக்கி. என்னுடையதை விற்றுவிட்டு எங்கோ கிடந்த ஒன்றை வைத்திருக்கிறார், அதற்கு என்னிடமே 38,000 வாங்கியும் இருக்கிறார்.

இப்போது போலீசில் மனு ரசீது கையில் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போட்டிருக்கிறேன், அதனால்தான் கடைப் பேர் எழுதவில்லை. ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 1915க்கு போன் செய்தால் வழி சொல்கிறார்கள். மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வியாபாரத்துக்கு வாங்கின சேவை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்தப் பிழைப்புக்கு, சொந்த விளைச்சலை ஏற்றும் வண்டி என்றால் சட்டத்தில் இடமிருக்கிறது. வாழைத் தோட்டத்துப் பட்டா நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். எனக்குக் கைகொடுத்தது ஜிபே கணக்கும் வாட்ஸ்அப் பேச்சும்தான். ரொக்கமாகக் கொடுத்த 60,000க்கு ஒரு சீட்டுக்கூட இல்லை, அது போனது போனதுதான் என்கிறார் வக்கீல்.

யாராவது பழைய வண்டியை விடுவதாக இருந்தால், சாவி கொடுக்கும் முன்னால் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், கியர்பாக்ஸ், டைனமோ, டீசல் பம்ப் எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதெல்லாம் இருந்தது" என்று எழுதிவிடுங்கள். தகடு வெல்டிங் முடிந்து பட்டி வைக்கும் முன்னால் நேரில் பார்க்காமல் பெயிண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கழற்றின பழைய சாமான் ஒன்று விடாமல் சாக்கில் கட்டித் திரும்ப வர வேண்டும், ரிங் உட்பட.

அப்புறம் ஒரு உதவி. எங்கள் எஞ்சினில் டைனமோ பிடிக்கும் பிராக்கெட் 2004இல் உடைந்து, சேரன்மகாதேவி லேத்தில் பித்தளை வைத்துப் பற்றவைத்தது. கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள் தழும்பு, அதன் பக்கத்தில் அப்பா ஆணியால் கீறின ஒரு 'வே'. டீசல் ஃபில்டருக்கு நேர் கீழே பார்த்தால் தெரியும். உங்கள் ஊர் ஜீப்பிலோ, ஏதாவது ஒர்க்‌ஷாப் மூலையிலோ கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வைத்திருப்பவரிடம் சண்டைக்கு வர மாட்டேன், அவரும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்.